கிடாயின் கழுத்து மணி

சுபஹு பாங்கு சொல்லி முடியவும், லொறி வந்து கேட்டில் நின்று ஹோன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஹாஜியாருக்கு எப்போதும் அந்த நேரம்தான் பிடிக்கும். வெயில் ஏறுமுன் சாமான் இறக்கினால் வேலையாட்கள் களைக்க மாட்டார்களாம். களைப்பைப் பற்றிக் கதைக்கிறவர்கள் ஒரு நாளைக்காவது ஓர் இரும்புத் துண்டைத் தோளில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பாலாவிச் சந்தியிலிருந்து கல்பிட்டி ரோட்டில் கொஞ்சத் தூரம் போனால் தகரம் அடித்த நீண்ட வேலி ஒன்று வரும். அதுதான் முத்தலிபு ஹாஜியாரின் பழைய இரும்பு யார்ட். பின்னால் உப்பளம். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் உப்பும் துருவும் ஒன்றாகக் கிளம்பி வந்து கண்ணுக்குள் விழும். அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் அந்தக் காற்றால் லாபம்.

நான் மர்ஷூதா. பித்தளையையும் செம்பையும் அலுமினியத்தையும் பிரித்துச் சாக்கில் கட்டுவது என் வேலை. இரும்பு உடைக்கிற வேலை என் தம்பி இப்ஹாமுக்கு. வாப்பா மவுத்தான பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது நான். அதனால் அவனுக்கு ஏச எனக்கு உரிமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தாடி முளைத்த நாளிலிருந்து அவன் அப்படி நினைப்பதில்லை.

அன்றைக்கு வந்தது, கொழும்புப் பக்கம் மூடிப்போட்ட ஏதோ ஒரு தொழிற்சாலையின் சாமான். ஹாஜியார் ஏலத்தில் எடுத்தது. குழாய்கள், பற்சில்லுகள், வளைந்துபோன தகடுகள். அவற்றோடு ஒரு மஞ்சள் பெட்டி. பெட்டி என்றால், ஒரு பானை அளவுதான். ஆனால் நான்கு பேர் பிடித்தும் அது தரையை விட்டு எழும்ப மறுத்தது. முன்பக்கத்தில் ஒரு தகடு ஒட்டியிருந்த தடம் இருந்தது. தகட்டை எங்களுக்கு முன்னால் யாரோ கழற்றி விற்றுத் தின்றுவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறகு நாங்கள் அறிந்துகொண்டோம், எழுத்தால் அல்ல.

"இதுக்குள்ள ஈயம்தான் தம்பி. பாரத்தப் பாத்தாலே தெரியுது," என்றார் நிக்கொலஸ் அண்ணன்.

நிக்கொலஸ் நுரைச்சோலைக் கரைக்காரர். கடல் அமர்க்களப்படும் மாதங்களில் படகை மேலே இழுத்து வைத்துவிட்டு யார்டுக்கு வந்துவிடுவார். கரையில் ஈயத்துக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. வலையைத் தாழ்த்தக் கட்டுகிற ஈயமணியை வார்க்க வேண்டுமே. யார்டில் ஈயம் கிடைத்தால் உருக்கிக் கட்டியாக்கும் வேலை அவருக்குத்தான்.

இப்ஹாம் சம்மட்டியை எடுத்தான். வெறும் கை. கையுறை கேட்டு நாங்கள் ஹாஜியாரிடம் போகாத மாதம் இல்லை. அவருடைய பதிலும் மாறவில்லை. "கையுறை போட்டா செம்புக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது புள்ள. விரல்தான் உங்கட மூலதனம்." சீனி விலை ஏறியது, பாண் விலை ஏறியது, பஸ் காசு ஏறியது. எங்கள் மூலதனத்தின் விலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பகல் ஏறுவதற்குள் பெட்டி பிளந்தது. ஈயத்தை எல்லாம் நிக்கொலஸ் அண்ணன் எடுத்துக்கொண்டார். நடுவில் இருந்து ஒரு சின்னச் சாமான் உருண்டு வந்தது. சுண்டுவிரல் நுனி அளவு. ஒரு பொட்டுத் துருவில்லை. வெள்ளி மாதிரி மினுங்கியது. இப்ஹாம் அதை எடுத்து, அலுமினியச் சாக்கில் போடலாமா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, கொட்டில் ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

அதோடு விட்டிருந்தால் எங்களுக்கு இந்தக் கதையே இல்லை.

யார்டில் அப்போது ஒரு கிடாய் நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க நிய்யத்து வைத்து ஹாஜியார் வாங்கிய கிடாய். குர்பான் கிடாய்க்கு ஊனம் இருக்கக்கூடாது. காது கிழியக்கூடாது, கொம்பு உடையக்கூடாது, நொண்டக்கூடாது. வீட்டில் மற்ற ஆடுகளோடு விட்டால் முட்டிக்கொள்ளும் என்று இங்கே கொண்டுவந்து தனியாகக் கட்டி, பார்க்கிற பொறுப்பை இப்ஹாமிடம் கொடுத்திருந்தார். அந்தக் கிடாய்க்குக் கிடைத்த கவனிப்பில் பாதி எங்களுக்குக் கிடைத்திருந்தால் நாங்களும் ஊனமில்லாமல் இருந்திருப்போம்.

ஆட்டுக் கள்ளர் பயம் வேறு. அதனால் கழுத்தில் மணி. பழைய சாமானுக்குள் கிடைத்த வடிவான பித்தளை மணிதான், ஆனால் உள்ளே நாக்கு இல்லை. ஆட்டினால் சத்தம் வராது.

"மணி கேக்கல்லயே இப்ஹாம். கள்ளன் அவுத்துக்கிட்டுப் போனாலும் எனக்குத் தெரியா. உள்ளுக்கு என்னத்தையாவது கட்டிவிடு. பாக்கவும் வடிவா இரிக்கணும்," என்றார் ஹாஜியார்.

இப்ஹாம் ஜன்னல் விளிம்பிலிருந்து அதை எடுத்துக் காட்டினான். ஹாஜியார் உள்ளங்கையில் வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "நல்லாரிக்கு. கட்டு." திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்த நிக்கொலஸ் அண்ணன் ஒரு கம்பித் துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் இருந்தது அவர்கள் மூன்று பேரும்தான். நான் செம்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். இதை எல்லாம் பிறகுதான் இப்ஹாம் சொன்னான்.

சாமான் வழுவழுவென்று இருந்ததால் கம்பி நிற்கவில்லையாம். பெருவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் இடையில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றுவதும் வழுக்குவதும் மறுபடி சுற்றுவதுமாக நெடுநேரம் மினக்கெட்டிருக்கிறான். என் தம்பிக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. கடைசியில் மணி அடித்தது. கிணிகிணியென்று நல்ல சத்தம். கிடாய் தலையை ஆட்ட ஆட்ட யார்ட் முழுக்கக் கேட்டது. "இந்தா, இப்பதான் இது குர்பான் கிடாய்!" என்று இப்ஹாம் சிரித்தான்.

யார்டில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பகல் சாப்பாட்டை ஒரே சஹனில், ஒரு பெரிய தட்டில், போட்டுத்தான் தின்போம். ஹாஜியார் தருகிற இடைவேளைக்குள் ஆளுக்கொரு பீங்கான் கழுவ எங்கே நேரம்? பழைய சாமானில் வந்த பெரிய தாம்பாளம் ஒன்றைத் தேய்த்து வைத்திருந்தோம். எங்கள் சோறும், யூஜீனியா அக்காவின் மீன் குழம்பும், நிக்கொலஸ் அண்ணனின் கருவாட்டுப் பொரியலும் ஒரே சஹனுக்குள் விழும். சுற்றியிருந்து ஒரே சஹனில் கைபோட்டால் மனஸ்தாபம் தங்காது என்று உம்மா சொல்லுவா. எங்களோடு வேலை செய்த யூஜீனியா அக்கா மரவேலை ஓடாவி ஒருவரின் விதவை, சிலுவை போட்டுக்கொண்டு கைவைப்பா. நாங்கள் பிஸ்மி சொல்லிக் கைவைப்போம். மனஸ்தாபம் இல்லாமல்தான் இருந்தோம்.

அந்த வாரத்துக்குள்ளேயே இப்ஹாமின் விரல்கள் சிவந்தன. பெருவிரலும் அடுத்த இரண்டும். கொதிநீர் பட்டதுபோல வீங்கி, கொப்புளம் எழும்பி, தோல் கறுக்கத் தொடங்கியது.

"எங்கடா சுட்டுக்கிட்ட?"

"நெருப்புக்கிட்டயே போகல்ல ராத்தா. சும்மாதான் எரியுது. எலும்புக்குள்ள எரியுது."

ஆஸ்பத்திரியில் சூடு பட்ட காயம் என்று களிம்பு கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கே தெரியாததை அவன் எப்படிச் சொல்லுவான்? களிம்பு பூசப் பூசக் காயம் இன்னும் ஆழமாய்ப் போனது. எருமை மாதிரித் தூங்குகிறவன், கையைத் தூக்கிப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

கிடாயும் சரியில்லாமல் போனது. முதலில் தீனியை விட்டது. பிறகு கழுத்துக்குக் கீழே மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒருநாள் காலை ஹாஜியார் தடவிப் பார்க்கக் கையோடு ஒரு பிடி மயிர் வந்துவிட்டது. அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது.

"நாசமாப் போனவனே! மணிக்கயித்த இறுக்கிக் கட்டி என்ட குர்பான் கிடாய ஊனமாக்கிட்டியே!" ஹாஜியார் போட்ட சத்தத்தில் உப்பளத்தில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. மணியை அவரே கழற்றினார். என் மடியில் எறிந்தார். "பித்தளைச் சாக்கில போடு இத."

போட்டேன். வெளியே கிடந்தால் களவு போய்விடும் என்று பித்தளைச் சாக்குகளை அவர் கணக்குப் பார்க்கும் கந்தோர் அறைக்குள்தான் வைப்போம். அவர் உட்காரும் கதிரைக்குப் பின்னால், சுவரோடு.

இதற்குள் கதை பரவிவிட்டது. ஆட்டுக்கு வந்த வியாதி இப்ஹாமுக்குத் தொற்றிவிட்டது என்றார்கள். இப்ஹாமிடமிருந்து ஆட்டுக்கு என்றார்கள். குஷ்டம் என்றுகூட ஒருத்தி வாய்கூசாமல் சொன்னாள். யூஜீனியா அக்கா வீட்டிலிருந்து தனிப் பீங்கான் கொண்டுவரத் தொடங்கினா. நிக்கொலஸ் அண்ணன் பசியில்லை என்றார். பசியில்லாத மனிதர் பாண் வாங்கித் தேத்தண்ணிக் கடை ஓரத்தில் நின்று தின்றதை நான் கண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாம்பாளத்தையே தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் இப்ஹாம் எனக்கு முன்னால் எழும்பிப் போய்விட்டான். வலக்கை கட்டுக்குள். இடக்கையால் தின்ன அவனுக்குக் கூச்சம். இரும்புக் குவியலுக்குப் பின்னால் போயிருந்து, ஒருவருக்கும் தெரியாமல் கரண்டியால் தின்றான். கந்தூரி விருந்தில் எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டு சஹனில் மூன்று பேரின் பங்கைத் தின்கிறவன் அவன். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் காற்றைச் சாட்டாமல் அழுதேன்.

பெருநாளைக்கு முந்திய வாரம் கிடாய் செத்தது. வாயிலும் மூக்கிலும் இரத்தம்.

வீட்டில் நிற்கும் மற்ற ஆடுகளுக்கும் இந்த வியாதி வருமோ என்ற பயத்தில் ஹாஜியார் மிருக வைத்தியரைக் கூப்பிட்டார். தம்பியின் விரல் கறுத்தபோது வராத பயம், ஆட்டுக்கு வந்தது. வந்தவ ஷானிகா டொக்டர், சிலாபத்துப் பிள்ளை, வயது குறைவு. வேப்பமரத்துக்குக் கீழே படங்கு விரித்துக் கிடாயை அறுத்துப் பார்த்தா. மவுத்து வீட்டு ஆட்கள்போல நாங்கள் சுற்றி நின்றோம். இப்ஹாம் இடக்கையால் காலைப் பிடித்துக்கொடுத்தான். அவன் வளர்த்த கிடாய் அல்லவா.

கழுத்துத் தோல் கறுத்து, அடியில் சதை வெந்ததுபோல் இருந்தது. தோலை உரிக்க உரிக்க உள்ளே எங்கும் இரத்தப் புள்ளிகள். ஈரலில், நெஞ்சுக் குலையில், எல்லாவற்றிலும். குடலைக் கீறிப் பார்த்தபோது அதன் உள்பக்கத் தோல் ஈரக் கடதாசி மாதிரிக் கழன்று வந்தது. பிறகு தொடை எலும்பைப் பிளந்தா. ஆட்டு எலும்பு என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத வீடு புத்தளத்தில் இல்லை. தட்டித் தட்டி உறிஞ்சுகிற மச்சை அங்கே இல்லை. வெளிறிய நீர்தான் வழிந்தது.

டொக்டர் கத்தியைக் கீழே வைத்தா.

"ஹாஜியார், இது கிருமி செய்யிற வேலை மாதிரி இல்ல. உடம்பில புதுசு புதுசா ஊறுற இடமெல்லாம்தான் செத்திருக்கு. மயிர் வேர், குடல் உள்தோல், இரத்தம் ஊறுற மச்சை. கழுத்திலதான் கூட. அங்கயிருந்துதான் தொடங்கியிருக்கு."

"அப்ப நஞ்சு வெச்சிட்டானுகளா?"

காலைப் பிடித்துக்கொண்டிருந்த இப்ஹாமின் கட்டுப்போட்ட கையையே டொக்டர் பார்த்தா. "தம்பி, அந்தக் கட்ட அவுத்துக் காட்டுங்க."

அவிழ்த்தான். பெருவிரல் நுனி கரியாகியிருந்தது. டொக்டர் அந்த விரலையும் கிடாயின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"இந்தக் கையும் இந்தக் கழுத்தும் ஒரே சாமானத் தொட்டிருக்கு. என்ன அது?"

இப்ஹாம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மணி," என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் பெட்டி, ஈயம், மினுங்கிய சாமான், கம்பி.

"அதுதான்," என்றா டொக்டர். "தொழிற்சாலைகள்ல தாங்கிக்குள்ள மட்டம் அளக்கிறதுக்கு வெக்கிற கதிரியக்கச் சாமான். ஈயப் பெட்டிக்குள்ள இருக்கும் மட்டும் ஆபத்தில்ல. வெளிய வந்தா அதிலிருந்து வாற கதிர் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. தசையை உள்ளுக்கால கொல்லும். இப்ப எங்க அந்த மணி?"

அந்த மணி இருந்த சாக்கை அன்று காலையில்தான், சாமான் ஏற்றத் தொடங்கியதும் முதல் சாக்காக, லொறியில் ஏற்றியிருந்தோம். கொழும்புக்கு. உருக்குகிற இடத்துக்கு. லொறி இன்னும் யார்டுக்குள்தான் நின்றது.

"உருக்கினா அது எல்லாத்துக்குள்ளயும் கலந்திடும்," என்றா டொக்டர். "குழாய்க்குள்ள, கேத்திலுக்குள்ள, ஆக்கள்ட ஊடுகளுக்குள்ள. ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க. எல்லாரும் வெளிய. ரோட்டுக்கு அங்கால." போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினா. கொழும்பில் இதற்கென்று இருக்கிற கந்தோருக்கு.

நாங்கள் வெளியே ஓடினோம். ஹாஜியார் ஓடவில்லை. லொறிப் பக்கம் கையைக் காட்டிச் சத்தம் போட்டார். "ஸப்வான்! எடு வண்டிய! மத்தச் சாமான் வேணாம், இருக்கிறதோட எடு!"

ஸப்வான் சாரதி. அதுவரை ஆசனத்தில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். நடந்தது ஒன்றும் தெரியாது. எஞ்சினை உயிர்ப்பித்தான்.

எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, நான் திரும்பிப் போய்க் கேட்டை இழுத்தேன். துருப்பிடித்த கேட், அசையவில்லை. பக்கத்தில் இன்னொரு சோடிக் கை வந்து பிடித்தது. யூஜீனியா அக்கா. பிறகு இன்னும் கைகள். கேட் கிறீச்சிட்டு மூடிக்கொண்டது. அதன் வழியாகக் கத்தினேன்.

"ஸப்வான்! ஆட்டக் கொன்ட சாமான் உன்ட முதுகுக்குப் பின்னால சாக்குக்குள்ள இரிக்கு! மூணு புள்ள பெத்தவன் நீ! இறங்குடா!"

ஸப்வான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் குதித்து, வேலி இடுக்கால் நுழைந்து ஓடிவந்து எங்களோடு நின்றான். ஹாஜியார் கூப்பிட்ட கூப்பாட்டுக்குத் திரும்பியும் பார்க்கவில்லை.

ரோட்டுக்கு அங்கால், மூடிக்கிடந்த, மரம் விற்கும் மரக்காலை ஒன்றின் நிழலில் நின்றோம். டொக்டர் எங்களிடம் வந்தா. கொழும்பிலிருந்து ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், வந்துசேரும்வரை லொறியை அசைய விடக்கூடாது என்றா. பொலிசுக்கும் சொல்லியாயிற்றாம். யூஜீனியா அக்கா இப்ஹாமைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டா: "டொக்டர், இந்தப் பிள்ளையத் தொட்டா எங்களுக்கும் வருமா?"

"வராது. வெயில்ல கருகினவனத் தொட்டா நீங்க கருகுவீங்களா? சாமான் உடையாம முழுசா இருக்கும் மட்டும் அவன்ட உடம்பில ஒண்டும் ஒட்டியிருக்காது. அந்தச் சாமானுக்குக் கிட்ட எவ்வளவு நேரம் இருந்தீங்க எண்டதுதான் கணக்கு. எல்லாரும் இரத்தம் சோதிக்க வேணும்."

யூஜீனியா அக்கா தலையைக் குனிந்துகொண்டா.

ஹாஜியார் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தார். தொப்பி சரிந்திருந்தது. முதலில் தாஜாவாகத்தான் தொடங்கினார்.

"புள்ளைகள், நான் சொல்றதக் கேளுங்க. அவனுகள் வந்தா யார்டுக்கு சீல் வெப்பானுகள். நாளைக்கு உங்கட ஊட்டில அடுப்பெரியா. ஒரு சின்ன மணிக்கா இந்தக் கூத்து? ஸப்வான், திறப்பத் தா. வழியில எங்கயாவது அந்தச் சாக்க இறக்கிடுவம்."

"எங்க இறக்குவீங்க ஹாஜியார்? யார்ட தலையில?" என்றேன்.

"நீ வாய மூடு மர்ஷூதா. உன்ட தம்பியாலதான் இவ்வளவும்."

"என்ட தம்பியா ஏலத்தில எடுத்தான் அந்தப் பெட்டிய?"

அவருடைய குரல் மாறியது. "எந்தப் பெட்டி? என்ட யார்டுக்கு அப்படிச் சாமான் வரவே இல்ல. இவன் எங்கயிருந்து பொறுக்கினானோ! வாறவங்களுக்கும் இதத்தான் சொல்லுவன். இவன் என்ட வேலையாளும் இல்ல. ஆடு பாக்க வந்தவன். பாவம் பாத்துச் சோறு போட்டன்."

பாவம் பார்த்தாராம்! பன்னிரண்டு வயதிலிருந்து அவருடைய இரும்பை உடைத்த கை அது. அது எனக்கு முன்னால் கட்டுக்குள் கறுத்துக் கிடக்கிறது. அவனை வேலையாளே இல்லை என்று சொல்லிவிட்டால் மருந்தில்லை, நட்டஈடு இல்லை, பொறுப்பில்லை. நாளைக்கு விரலை எடுத்தால் அது அவன் விதி. நான் வாயைத் திறக்குமுன் இப்ஹாம் பேசினான்.

"நீங்கதானே ஹாஜியார் கட்டச் சொன்னீங்க. கையில வாங்கிப் பாத்தீங்களே."

"நான் சொன்னனா? யார் கேட்டது? கேட்ட ஒராள் சொல்லட்டும் பாப்பம்!"

கேட்டவர் ஒருவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹாஜியாருக்கும் தெரியும். அவர் நேராக நிக்கொலஸ் அண்ணனைப் பார்த்தார்.

"நிக்கொலஸ். கடல் இல்லாத காலத்தில நீ எங்க வந்து நிக்கிற எண்டு யோசிச்சுக் கதை."

நிக்கொலஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடித்த கழுத்துக்காரர், பேச்சுக் குறைந்த மனிதர். அந்தப் பெட்டியின் ஈயத்தில் வார்த்த மணிகளை வீட்டு வலையில் கட்டியிருந்தார். டொக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கவும் பயந்து, கேட்காமல் இருக்கவும் பயந்து வேர்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். இப்போது தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம் ஹாஜியார். இங்கதான் வந்து நிக்கிறன். அதாலதான் கேட்டன்." குரல் முதலில் தடக்கியது, பிறகு நேராகிவிட்டது. "நீங்க அத உள்ளங்கையில வெச்சுத் திருப்பிப் பாத்தீங்க. 'நல்லாரிக்கு, கட்டு' எண்டு சொன்னீங்க. கம்பி குடுத்தது நான். வாற ஆக்களிட்டயும் இதத்தான் சொல்லுவன். மாதா சாட்சியாச் சொல்லுவன்."

"யோசிச்சுப் பேசு நிக்கொலஸ்!"

"யோசிச்சுத்தான் இத்தனை நாளும் பேசாம இருந்தனான். போதும்."

யூஜீனியா அக்கா ஒரு அடி முன்னால் வந்தா. "மஞ்சள் பெட்டிய லொறியால இறக்கேக்க நானும் ஒரு பக்கம் பிடிச்சன் ஹாஜியார். வரவேயில்ல எண்டு என்ட மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க." ஸப்வான், "கொண்டுவந்தது நான்," என்றான். மற்றவர்களும் ஆளுக்காள் சொல்லத் தொடங்கினார்கள். யார் என்ன சொன்னார் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

ஹாஜியார் போனை எடுத்தார். "சாரதிமாரா இல்ல பாலாவிச் சந்தியில? ஒருத்தனக் கூப்பிட்டா வந்து திறப்பில்லாமலே எடுப்பான்."

"கூப்பிடுங்க," என்றேன். "ஆனா ஒண்டு. அந்தச் சாக்கு இத்தனை நாளும் எங்க இருந்திச்சு எண்டு யோசிச்சீங்களா? உங்கட கந்தோர்ல. உங்கட கதிரைக்குப் பின்னால. நாங்க வெயில்ல நிண்டம், நீங்க அதுக்குச் சாஞ்சு இருந்தீங்க."

அவர் நம்பரை அழுத்திய விரலை எடுக்கவில்லை. பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அன்றைக்கு அதைத் திருப்பிப் பார்த்த கை. ஒரு கணம் எனக்கே பாவமாகப் போய்விட்டது. அல்லாஹ் அறிய, அந்த மனிதனுக்கு என் தம்பியின் நிலை வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

"நீங்களும் இரத்தம் சோதிக்கத்தான் வேணும் ஹாஜியார்," என்றா டொக்டர் அமைதியாக. அவர் போய்த் தன் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். போகவுமில்லை, இறங்கவுமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் போனில் யாருடனோ கதைத்துக்கொண்டேயிருந்தார். அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்கு வக்கீல்மார் வருவார்கள். எங்களுக்கு அது தெரியாமல் இல்லை.

நாங்கள் அந்த நிழலில் வட்டமாக இருந்து முடிவெடுத்தோம். எல்லாரும் ஒரே கதை சொல்வது, நடந்த கதை. இப்ஹாமின் காயம் வேலையில் வந்த காயம் என்று எழுதாமல் ஒருவரும் கையெழுத்து வைப்பதில்லை. யார்ட் பூட்டிக் கிடக்கும் நாளுக்கும் கூலி கேட்பது. கையுறை இல்லாமல் இனி ஒரு ஆணியையும் தொடுவதில்லை. ஆளைத் தனியாகக் கூப்பிட்டால் தனியாகப் போவதில்லை. அந்தக் கடைசிப் பேச்சை நிக்கொலஸ் அண்ணன்தான் சொன்னார்.

கொழும்பு ஆட்களை இன்னும் காணவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பொதிகளை ஓடும்போது கையோடு தூக்கிவந்திருந்தோம். பசி என்பது அப்படி, எந்தக் கலவரத்திலும் அதை விட்டுவிட்டு ஓட முடியாது. எங்கள் தாம்பாளம் மட்டும் உள்ளே கொட்டிலில். தேத்தண்ணிக் கடைக்காரர் தன் பெரிய சஹனைக் கழுவிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

சோற்றைக் கொட்டினோம். மீன் குழம்பு ஊற்றினோம். எல்லாரும் சுற்றியிருந்தார்கள். யூஜீனியா அக்காவின் தனிப் பீங்கான் அவ பைக்குள்ளேயே கிடந்தது. இப்ஹாம் மட்டும் வழக்கம்போல் எழும்பி, மரக் குற்றிகளுக்குப் பின்னால் போகப் பார்த்தான்.

"எங்க போற தம்பி?" என்றார் நிக்கொலஸ் அண்ணன். "இங்க வா."

"பரவாயில்ல அண்ணன். என்ட கை இப்படி…"

"உன்ட கைக்கு ஏலாது எண்டு தெரியும். என்ட கை நல்லாத்தானே இரிக்கு."

நகர்ந்து இடம் விட்டார். இப்ஹாம் வந்து அவருக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்து இருந்தான். நிக்கொலஸ் அண்ணன் சோற்றில் குழம்பைப் பிசைந்து, முள் பார்த்து மீனைப் பிய்த்து வைத்து, ஒரு கவளமாக உருட்டினார். ஈயம் காய்ச்சித் தழும்பேறிய கை. அதை என் தம்பியின் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

இப்ஹாம் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுடா பிஸ்மிய," என்றேன் நான். எனக்கு ஏசுகிற குரல் தவிர வேறு குரல் வரவில்லை. "ஆக்கள் பசியோட பாத்துக்கிட்டு இரிக்காங்க."

சொன்னான். வாயைத் திறந்தான். அவன் மென்று விழுங்கும்வரை ஒருவரும் சஹனில் கைவைக்கவில்லை. பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கின.

ரோட்டுக்கு அங்கால் லொறி அசையாமல் நின்றது. அதன் திறப்பு, எங்களோடு இருந்து தின்கிற ஸப்வானின் சட்டைப் பையில் இருந்தது.